குரல் இருக்கிறது, பாடம் இல்லை

டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் தடுமாற்றம், உள்ள மாணவருக்கு உதவிக் கருவி என்று பேச்செடுத்தாலே விலைப் பேச்சு வந்துவிடுகிறது. வரிமேல் வைத்துத் தேய்த்தால் வாசித்துக் காட்டும் பேனா, வெளிநாட்டு மென்பொருள், டேப்லெட் என்று பட்டியல் நீளும். "அதெல்லாம் பெரிய ஸ்கூல் பிள்ளைங்களுக்கு சார்" என்று யாராவது சொல்ல, பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பேனாவைப் பொறுத்தவரை அது உண்மைதான். விலை பல ஆயிரம். வாங்கினாலும் பெரும்பாலானவை தமிழ் வாசிக்காது. ஆனால் வாசித்துக் காட்டும் குரல் நம் வீடுகளுக்குள் காசில்லாமல் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. சாதாரண ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் தமிழ்க் குரல் இருக்கிறது. விண்டோஸில் 'வள்ளுவர்' என்ற பெயரிலேயே ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. எட்ஜ் உலாவியில் 'சத்தமாக வாசி' பொத்தானை அழுத்தினால் பல்லவி, வள்ளுவர் என்று இந்தியத் தமிழுக்கும், சரண்யா, குமார் என்று இலங்கைத் தமிழுக்கும் குரல்கள் வரிசையில் நிற்கின்றன. சென்னை ஐஐடி முன்நின்ற பல கல்லூரிக் கூட்டு முயற்சியில் இந்திய மொழிகளுக்கான பேச்சு மென்பொருள்கள் உருவாகி, அதில் தமிழும் உண்டு.

அப்படியென்றால் தடை எங்கே? அந்தக் குரலிடம் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்தைக் கொடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அதனால் வாசிக்க முடியாது. பாடம் குரலுக்குப் புரியும் வடிவத்தில் இல்லை. சமவாய்ப்பு பற்றிய நம்முடைய விவாதங்கள் கருவியையே சுற்றிக்கொண்டிருக்க, பிள்ளையின் கழுத்தைப் பிடிப்பது கோப்பு.

தமிழில் இது ஒளிந்துகொள்ளும்

ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு தாறுமாறு. அதனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை அங்கே தப்பும் தவறுமாக வாசித்துச் சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். தமிழ் அப்படியல்ல. வல்லின எழுத்துகள் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதைக் கழித்துவிட்டால், எழுதியபடி வாசிக்கலாம். ஆகவே தமிழ்வழியில் படிக்கும் டிஸ்லெக்சியா பிள்ளை எழுத்துக்கூட்டி, திக்கித் திணறி, கடைசியில் சரியாகவே வாசித்து முடிக்கும். ஆசிரியர் காதில் விழுவது சரியான வாசிப்பு. அதற்கு ஆன நேரம் அவர் கணக்கில் வராது. மற்ற பிள்ளைகள் ஒரு பக்கத்தை முடிக்கும்போது இந்தப் பிள்ளை இரண்டாம் பத்தியில் நிற்கும். முதல் பத்தியில் என்ன இருந்தது என்பது அதற்குள் மறந்திருக்கும். கூட்டி வாசிப்பதிலேயே சக்தி எல்லாம் போய்விட்டால் பொருளை எதை வைத்துப் பிடிப்பது? "வாசிக்கத் தெரியுது, ஆனா புரியல, கவனம் இல்ல" என்ற தீர்ப்பு வருவது இங்கிருந்துதான்.

எழுதும்போது வேறு விதமாக வெளிப்படும். ண-ன-ந, ர-ற, ல-ள-ழ குழப்பம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. கவனிக்க வேண்டியது கொம்பும் காலும். 'கொ' என்ற ஒலியில் க முதலில், ஒ பின்னால். எழுதும்போதோ கொம்பு முதலில், க நடுவில், கால் கடைசியில். காதில் கேட்கும் வரிசையும் கை எழுதும் வரிசையும் வேறு வேறு. ஐந்தாம் வகுப்பு தாண்டியும் கொம்பைத் தொடர்ந்து விடுவது, காலை அடுத்த எழுத்தோடு ஒட்டுவது, கொ-கோ-கௌ மூன்றையும் ஒன்றாக எழுதுவது தெரிந்தால் நின்று பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாடத்தைக் கேட்டுக்கொண்டே, வாசிக்கப்படும் சொல்லின் மேல் நகரும் வண்ணக் கட்டையைக் கண்ணால் பின்தொடரும் வாய்ப்பு கிடைத்தால், கூட்டும் சுமை இறங்கிப் பொருளுக்கு மூளை மிஞ்சும். காதும் கண்ணும் சேர்ந்து போவது முக்கியம். ஒலியை மட்டும் தனியாகக் கொடுத்தால் பாடம் புரியும், ஆனால் சொல்லோடு பழக்கம் ஏற்படாது.

எழுத்துரு பற்றியும் ஒரு சொல். டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைத்ததாக விளம்பரப்படுத்தப்படும் எழுத்துருக்களைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பிரபலமான ஓப்பன்டிஸ்லெக்சிக்கில் தமிழே கிடையாது. ஆங்கிலத்திலும் அதன் பயனுக்கு வலுவான ஆதாரம் இல்லை. பக்கத்தின் மேல் வைத்து வாசிக்கும் வண்ணக் கண்ணாடித் தாள்களுக்கும் அதே கதி. நிஜமாகவே உதவுவது இடைவெளி. எழுத்தளவு 14 முதல் 16 புள்ளி, வரி இடைவெளி ஒன்றரை, இடப்பக்கம் மட்டும் நேராக, வலப்பக்கம் அது போனபடி. இருபுறமும் இழுத்துக் கட்டினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும்; கண் அங்கே தடுக்கும். சொல் இடைவெளியைக் கூட்டுங்கள், எழுத்து இடைவெளியைத் தொடாதீர்கள். சில மென்பொருள்களில் அதைக் கூட்டினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே போய்விடும்.

ஒரு பாடத்தைக் குரலுக்குத் தயாரிப்பது

முதலில் சோதனை. பாடத்தின் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, கொ, கோ, கௌ வரும் ஒரு பத்தியைத் தேர்ந்து நகலெடுத்து வெறும் நோட்பேடில் ஒட்டுங்கள். நான்கில் ஒன்று நடக்கும்.

நல்ல தமிழாக ஒட்டினால் அதிர்ஷ்டம். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக வந்தால் அது பழைய எழுத்துரு. பாமினி என்ற எழுத்துருவாக இருந்தால் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரிவதெல்லாம் எழுத்துருவின் வேடம். உள்ளே இருப்பது ரோமன் எழுத்துகள்தாம். குரலுக்கு வேடம் தெரியாது. அது உள்ளே இருப்பதை ஆங்கில எழுத்துகளாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும். மூன்றாவது வகை பார்வைக்குத் தமிழ்தான், ஆனால் 'கொடி' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக, அதுவும் தவறான வரிசையில் வந்திருக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்பட வேண்டும். அச்சுக்காகச் செய்த பிடிஎஃப்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே உள்ளேயும் இருக்கும். குரல் கொம்பைத் தாண்டிக் குதித்துவிட்டு 'கா' என்று வாசிக்கும். நான்காவது, எதுவுமே நகலாகாது. அது பக்கத்தின் புகைப்படம்.

பழைய எழுத்துரு என்றால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் உள்ளன. பாமினி, டாம், டாப், டிஸ்கி, வானவில் என்று எந்தக் குறிமுறை என்பதைத் தேர்ந்தெடுத்து யூனிகோடாக மாற்றலாம். எது என்று தெரியாவிட்டால் பிடிஎஃப்பின் 'ப்ராபர்ட்டீஸ்' பக்கத்தில் எழுத்துருப் பெயர்கள் இருக்கும், அதைப் பார்த்து ஊகிக்கலாம். எதற்கும் மசியவில்லை என்றாலோ, மூன்றாம் நான்காம் வகை என்றாலோ, படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் ஓசிஆர்தான் வழி. பக்கங்களை 300 டிபிஐ படமாக எடுத்து, பாடம் பாடமாகப் பிரித்து, கூகுள் டிரைவில் ஏற்றி, 'ஓப்பன் வித் கூகுள் டாக்ஸ்' கொடுத்தால் தமிழ் உரை கிடைக்கும். இணையம் இல்லாத இடத்தில் டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள். அதில் தமிழ் மொழிக்கோப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இரண்டு பத்தி அடுக்காக உள்ள பக்கத்தை நடுவில் வெட்டி இரண்டு படமாக்கிக் கொடுங்கள். வெட்டாவிட்டால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் பின்னிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இதற்குப் பிறகுதான் உண்மையான வேலை, இதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். ஓசிஆர் தரும் உரை கண்ணுக்குச் சரியாகத் தெரியும், காதில்தான் மாட்டும். காலும் 'ர'வும் ஒன்றுபோல இருப்பதால் 'கால்' என்பது 'கரல்' ஆகியிருக்கும். ஒ-ஓ மாறும். இவற்றைவிடப் பொல்லாதது 'கௌ'. சரியான 'கௌரவம்' ஒன்று; க-வுக்குக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' என்ற தனி எழுத்தை வைத்த 'கெளரவம்' இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே தெரியும். குரல் முதலாவதைச் சரியாகச் சொல்லும். இரண்டாவதை 'கெளரவம்' என்று பிள்ளைக்குத் தெரியாத ஒரு சொல்லாக வாசிக்கும். ஏற்கெனவே தன் வாசிப்பின் மேல் நம்பிக்கை இல்லாத பிள்ளை அது, தனக்குத்தான் அந்தச் சொல் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளும். சரி, தேடி மாற்றிவிடலாம் என்று 'ெள' வரும் இடத்தையெல்லாம் ஒரே சொடுக்கில் 'ௌ' ஆக்கினால் வெள்ளம், தெளிவு, வெளி எல்லாம் நாசமாகும். 'மெளன', 'பெளர்', 'கெளர', 'செளக' என்று சொல்லின் தொடக்கத்தை வைத்துத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதுதான் பத்திரம்.

அடுத்து வரி முடிவு. அச்சில் தமிழ்ச் சொல்லை வரி முடிவில் எங்கே வேண்டுமானாலும் உடைக்கிறோம், இணைப்புக்கோடுகூடப் போடுவதில்லை. நகலெடுத்த உரையில் அந்த உடைப்பு அப்படியே நிற்கும். 'விடுத' என்று சொல்லி மூச்சுவிட்டு 'லைப் போராட்டம்' என்று குரல் தொடரும். வரிமுறிப்புகளை நீக்கிப் பத்தியை ஒரே ஓட்டமாக்க வேண்டும். 'செ.மீ.', 'எ.கா.', 'கி.பி.' போன்ற சுருக்கங்களை விரித்து எழுதிவிடலாம். பக்க எண், ஓரத்தில் வரும் தலைப்பு, 'படம் 3.2 காண்க' போன்றவை பத்தி நடுவே புகுந்திருக்கும், எடுத்துவிட வேண்டும். பாடத் தலைப்புகளுக்குத் தலைப்பு வடிவம் கொடுத்தால் பிள்ளை வேண்டிய இடத்துக்குத் தாவலாம். எல்லாம் முடிந்ததும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் ஒருமுறை கேட்க வேண்டும். கண் திறந்திருந்தால் மூளை தானே திருத்திக்கொள்ளும், பிழை தப்பிவிடும்.

போனில் கேட்க, 'செட்டிங்ஸ்' போய் 'அக்சஸிபிலிட்டி', அதற்குள் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்'. கூகுள் என்ஜினைத் தேர்ந்து, பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, தமிழுக்கான குரல் கோப்பை இறக்கி வைத்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் டேட்டா தீர்ந்த அன்று குரலும் நின்றுபோகலாம். பிறகு 'செலக்ட் டு ஸ்பீக்' வசதியை இயக்கினால் தொட்ட பத்தியைச் சொல் சொல்லாக வண்ணமிட்டு வாசிக்கும். வேகத்தை முதலில் இயல்புக்குச் சற்றுக் கீழே வையுங்கள். பழகியபின் பிள்ளையே கூட்டிக்கொள்ளும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பும் என்றால், உரையை எம்பி3 ஆக்கி மலிவான பாட்டுப்பெட்டியில் போட்டு, அச்சிட்ட தாளோடு கொடுக்கலாம். வண்ணக்கட்டை கிடைக்காது, விரலை வைத்துத் தொடர வேண்டும். இரண்டாந்தரம்தான். இருந்தாலும் பாடம் பிள்ளையின் கைக்குப் போய்விடும்.

தட்டச்சு பற்றி ஓர் எச்சரிக்கை. 'அம்மா'வை ஆங்கில எழுத்துகளால் அடித்துத் தமிழாக்கும் முறை நமக்கு வசதி, இந்தப் பிள்ளைக்குத் தண்டனை. ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் அதற்கு ஏற்கெனவே பெரிய மலை. தமிழுக்கும் அதிலேயே ஏறச் சொல்கிறோம். தமிழ்99 விசைப்பலகை ஒலி வரிசையில் போகிறது: க அடித்து ஒ அடித்தால் கொ. க இரண்டு முறை அடித்தால் முதல் க தானே புள்ளி வைத்துக்கொண்டு 'க்க' ஆகும். காதில் கேட்ட வரிசையில் விரல் போகிறது, கொம்புப் பிரச்சினையே எழுவதில்லை. குரலால் தட்டச்சு செய்வதும் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் பிள்ளை பேசுவது பேச்சுத் தமிழ், விடைத்தாள் கேட்பது எழுத்துத் தமிழ். "போயிட்டாங்க" என்பது அப்படியே திரையில் விழும். முதலில் சொல்லிவிட்டு, பிறகு குரலை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எழுத்து நடைக்கு மாற்றும் பழக்கத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

சான்றிதழ் என்னும் வாயில்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முந்தைய சட்டத்தின் 7 வகைகளை 21 ஆக்கியபோது, டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது. 16-ஆம் பிரிவு, பள்ளிகள் இதைச் சீக்கிரமே கண்டறிந்து ஏற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 17-ஆம் பிரிவு பாடநூல்களையும் ஏற்ற உதவிக் கருவிகளையும் 18 வயது வரை இலவசமாகத் தரச் சொல்கிறது. ஆனால் இலவசக் கருவி கிடைப்பது 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு என்று சான்று பெற்றவருக்கு மட்டும். கையையோ காலையோ அளப்பதுபோல வாசிப்பை விழுக்காட்டில் அளப்பது எவ்வளவு பொருத்தம் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

2018 ஜனவரியில் வந்த மதிப்பீட்டு வழிகாட்டுதல், எட்டு வயதுக்கு முன் சான்று கிடையாது, 14 வயதில் மறுபடி, 18 வயதில் மறுபடி என்று வகுத்தது. ஒவ்வொரு முறையும் மருத்துவர், உளவியலாளர், அலைச்சல், கூலி இழப்பு. சோதனைகளின் மொழி இன்னொரு சல்லடை. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் இந்திய மொழிகளுக்கான டிஸ்லெக்சியா சோதனைத் தொகுப்பை வெளியிட்டபோது அதில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் இருந்தன; முதல் சுற்றில் தமிழ் இல்லை. ஆங்கிலவழிப் பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறிக் கண்ணில் படுகிறது. அதற்கு ஆங்கிலச் சோதனை இருக்கிறது. பெற்றோருக்குச் சோதிக்கும் மருத்துவமனைக்கு வழி தெரிகிறது. தமிழ்வழிப் பிள்ளை இந்த மூன்றிலும் நழுவுகிறது. குறைபாடு பணக்கார வீடுகளில் அதிகம் என்ற தோற்றம் இப்படித்தான் உண்டாகிறது.

குரலில் வாசிக்கும் பாடத்தைக் கொடுக்க இந்தச் சான்றிதழ் எதற்கு என்பதே என் கேள்வி. கூடுதல் நேரத்துக்குக் கேட்கலாம், மொழிப்பாட விலக்குக்குக் கேட்கலாம். பாடத்தைக் காதால் கேட்பதால் யாருக்கு என்ன நட்டம்? சான்று இல்லாத, சும்மா மெதுவாக வாசிக்கிற பிள்ளையும் கேட்டுவிட்டுப் போகட்டுமே.

தேர்வறையில்

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வுகளில் டிஸ்லெக்சியா மாணவருக்கு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகள் உள்ளன. மூன்றுமே தேவைதான். இவற்றில் மொழிப்பாட விலக்கை மட்டும் நான் தயக்கத்தோடுதான் பார்க்கிறேன். பத்து வருடம் வாசிக்க ஒரு வழியும் செய்து கொடுக்காமல், கடைசியில் வாசிக்கவே வேண்டாம் என்று விடுவிப்பது கருணை மாதிரி தெரியும். கணக்கு முடித்து அனுப்புவதும் அப்படித்தான் இருக்கும்.

சொல்வதை எழுதுபவர் நல்லவராகவே இருந்தாலும், "இன்னொரு தடவை வாசிங்க" என்று நான்காம் முறை கேட்கப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கூச்சம். குரல் நாற்பது முறை கேட்டாலும் சலிக்காது, முகம் சுளிக்காது. சிபிஎஸ்இ 2018 முதல் சிறப்புத் தேவையுள்ள மாணவரைத் தேர்வில் கணினி பயன்படுத்த விடுகிறது: விடையைத் தட்டச்சிட, கேள்வியைப் பெரிய எழுத்தில் பார்க்க, கேள்வியைக் காதால் கேட்க. இணையம் கூடாது, கணினியில் வேறெதுவும் இருக்கக் கூடாது, தேர்வு மையம் சோதித்துத்தான் உள்ளே விடும். கணினியை மாணவரே கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையில்தான் சமவாய்ப்பு மறுபடி வாசலில் நின்றுவிடுகிறது.

"மெஷின் வாசிச்சுக் காட்டினா அது என்ன எக்ஸாம்?" என்ற ஆட்சேபத்துக்கு வருவோம். இதை உதறித் தள்ள முடியாது. வாசிப்பையே சோதிக்கும் தேர்வில் வாசித்துக் காட்டினால் சோதனை செத்துவிடும் என்பது நியாயமான கவலை. பிரிட்டனில் இதற்கு ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். அங்கே பதினாறு வயதில் எழுதும் ஆங்கிலத் தேர்வில், வாசிப்பைச் சோதிக்கும் பகுதியை மனிதர் வாசித்துக் காட்டக் கூடாது, கணினி வாசிக்கலாம். மனிதக் குரல் ஏற்ற இறக்கத்தில் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். கணினிக்கு எது விடை என்று தெரியாது, அது சொல்லை ஒலியாக்குகிறது, அவ்வளவுதான். பொருள் எடுக்கும் வேலை மாணவரிடமே இருக்கிறது. நாமோ இதற்கு நேர்மாறாக, மனிதரை அனுமதித்துவிட்டு இயந்திரத்தைச் சந்தேகிக்கிறோம்.

கணினியைத் தேர்வறைக்குக் கொண்டுபோவதானால் அங்கே கவிழ்க்கும் இடங்கள் தெரிந்தவைதான். எட்ஜின் இனிய குரல்கள் இணையத்திலிருந்து வருபவை. இணையம் துண்டித்த கணினியில் ஊமையாகிவிடும். விண்டோஸில் தமிழ் மொழித்தொகுப்பை முன்பே, பேச்சு வசதியையும் சேர்த்து, நிறுவியிருக்க வேண்டும். எட்டு மாதம் பல்லவியின் குரலில் பழகிய பிள்ளைக்குத் தேர்வன்று முதல் முறையாக வேறு குரலைக் கொடுத்தால் பாதி நேரம் காது பழகவே போய்விடும். ஆகவே தேர்வில் எந்தக் குரலோ அதே குரலில் காலாண்டுத் தேர்விலிருந்தே பழக வேண்டும். வயர் உள்ள இயர்போன் போதும், புளூடூத் வேண்டாம். கேள்வித்தாளின் அச்சுப்படியும் மேசையில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வித்தாள் யூனிகோடு உரையாக வர வேண்டும். ஸ்கேன் செய்த படமாக வந்தால் மேலே சொன்ன அத்தனை ஏற்பாடும் வீண்.

நீதிமன்றம் இந்த விஷயத்தில் கல்வித்துறைகளைவிட முன்னே போய்விட்டது. 40 விழுக்காட்டுச் சான்று இல்லை என்பதற்காக எழுதுபவர் வசதியை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில், எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் சேர வேண்டிய கூடுதல் நேரம் மறுக்கப்பட்டதை அநீதி என்று குறித்து, தேர்வு நடத்திய அமைப்பைப் பரிகாரம் காணச் சொன்னது.

காப்புரிமையும் குறுக்கே நிற்கவில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறனாளிகள் வாசிக்க ஏற்ற வடிவில் நூலை மாற்றித் தர இந்தியச் சட்டம் இடம் தருகிறது. இத்தகைய வடிவ மாற்றத்துக்கு வழிசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தமான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. அந்த உடன்படிக்கை பார்வையற்றோரை மட்டுமல்ல, வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களையும் சேர்த்தே பேசுகிறது. அரசே அச்சிடும் பாடநூலுக்கு இந்த விலக்குகூடத் தேவையில்லை. பாடநூல் பிடிஎஃப் வெளியாகும் அதே நாளில், அதே பக்கத்தில், யூனிகோடு உரையையோ இபப் என்னும் மின்னூல் கோப்பையோ போட்டுவிட்டால் போதும். பக்கம் வடிவமைப்பவரின் கணினிக்குள் போகும் முன் உரை எங்கோ யூனிகோடில் இருந்திருக்கலாம். அச்சுக்கு அனுப்பியபின் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு பள்ளிக்குப் பள்ளி ஓர் ஆசிரியர் ஓசிஆர் போட்டு 'கரல்'களைத் திருத்திக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம்?

கணக்கும் வேதியியலும் மட்டும் இன்னும் இடிக்கும். பின்னம், வர்க்கமூலம், அடுக்குக்குறி எல்லாம் பாடநூலில் பெரும்பாலும் படமாகவே இருக்கின்றன. உரையாகத் தட்டச்சிட்டாலும் தமிழ்க் குரல் அவற்றைக் குழப்பியே வாசிக்கும். அந்த இரண்டு பாடங்களுக்கும், சூத்திரம் வரும் இடங்களில், ஆசிரியரோ அண்ணன் அக்காவோ தம் குரலில் வாசித்துப் பதிவுசெய்து உரைக்கு நடுவே இணைத்துவிடுவதுதான் இப்போதைக்கு வேலைக்காகும்.